விட்டுப்போன ஓசை

சென்ற கோடை விடுமுறையில் எம் பாட்டியாரின் தாலாட்டினை ஒலிப்பதிவு செய்யப் புகுந்தோம். அவர் வயது 86, எழுத்தறியாதவர். எம் தந்தையாரையும் பின்னர் எம்மையும் தொட்டிலிலிட்டு அவர் பாடிய அப்பாட்டு எவ்வேட்டிலும் ஏறியதன்று. மடிக்கணினி ஒன்றும், யு.எஸ்.பி. மைக் ஒன்றும், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றும் எமக்குத் துணையாயின.

திண்ணையில் அமர்ந்து நாற்பது நிமிடம் பாடினார். இடையில் மின்சாரம் நின்றது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடியமையால் யாம் அதனைப் பொருட்படுத்திலோம். இரவில் பதிவைக் கேட்டபோதன்றோ நெஞ்சு துணுக்குற்றது! பதினேழிடங்களில் ‘டக்’கென்று ஓசை அறுந்திருந்தது. அவற்றுள் ஒன்று, கப்பலேறிச் சென்று மீளாத தம் தமையனாரைத் தாய்மாமனென விளித்து அவர் பாடிய அடி. கால் நொடிப் பொழுது ஓசை போயிற்று. அதனோடு அப்பெயரும் போயிற்று. அலைக்கோட்டைப் பெரிதாக்கி நோக்கினோம். கோடு ஓரிடத்தில் அறுந்து, வேறோர் உயரத்தில் மீளத் தொடங்கிற்று.

முதலில் கம்பியைப் பழித்தோம், புதிதொன்று வாங்கினோம். பயனில்லை. பின் மைக்கைப் பழித்தோம். கணினியின் உழைப்பைக் காட்டும் பலகையோ நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் காட்டவில்லை. இத்துணை ஓய்வாயிருக்கும் கணினி ஓசையைத் தவறவிடுவானேன்?

நண்பர்களே, இவ்விடத்தில் குழாயடியை நினைமின். நீர் நில்லாது வீழ்கின்றது. கீழே இரண்டு குடங்கள். ஒன்று நிரம்புமுன் மற்றையதைக் கொட்டிவிட்டுக் கொணர்தல் வேண்டும். சிறிது தாழ்ப்பின் நீர் தரையிற் சிந்தும். மைக்கிலிருந்து நொடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் வருகின்றன; அவை நிரம்பும் குடமே ‘பஃபர்’ எனப்படுவது. அதனை யாம் 64 துணுக்கு அளவினதாக வைத்திருந்தோம். அஃதாவது கணினி நொடிக்கு 750 முறை குடம் மாற்றுதல் வேண்டும். கண்ணிமைப் பொழுதையும் கைநொடிப் பொழுதையும் மாத்திரையென்று அளந்த நம் இலக்கணத்தார்க்கும் இஃது எட்டாத நுண்மை. நாள் முழுதும் ஓய்ந்திருப்பவனாயினும், குடம் நிரம்பும் அக்கணத்தில் வேறிடம் போயிருப்பின் என் பயன்? பலகை காட்டியது சராசரி. ஓசை அறுவதோ ஒரு கணத்தின் தவறு.

அவ்வளவு சிறிய குடம் எற்றுக்கு? பாடுவோர் தம் குரலைக் கணினி வழியே ஹெட்போனில் உடனுக்குடன் கேட்க வேண்டின் அது வேண்டும்; இல்லையேல் குரல் பிந்தி வந்து தாளம் குலையும். பாட்டியார் காதில் ஹெட்போன் ஏது! பாம்படமே இருந்தது. சிறிய எண் உயர்ந்ததென எங்கோ கேட்டதை நம்பி, வேண்டாத விரைவை வேண்டினோம்.

இனி மற்றைத் தவறுகள். மின்சாரம் நின்றதும் மடிக்கணினி மின்சிக்கன நிலைக்கு மாறிச் செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அதே வேளையில் யாம் எடுத்த நிழற்படங்களையெல்லாம் இணையத்திற்கு ஏற்றிக்கொண்டுமிருந்தது. விண்டோஸ் கணினிகளில் வைஃபையின் இயக்கி நிரல் இடைப்புகுந்து ஒலிப்பணியைத் தாழ்ப்பதும் உண்டு. அத்தகைய தாழ்வை ‘லேட்டன்சிமான்’ என்னும் நிரல் காட்டும்.

வைஃபையை அணைத்தோம், ஏற்றத்தை நிறுத்தினோம், ஹப்பை நீக்கி மைக்கை நேரே கணினியிற் செருகினோம், மின்சிக்கனத்தை விலக்கினோம், பஃபரை 1,024 ஆக்கினோம். இப்போது குடமாற்று நொடிக்கு 47 முறையளவே. பாட்டியாரை மீண்டும் வருத்துமுன் சுருதிப்பெட்டியை மைக்கின்முன் அரைமணி ஒலிக்கவிட்டுப் பதிந்தோம். இடையறாச் சுருதியில் ஓர் அறுப்பு நேரினும் செவி அதனைப் பிடித்துவிடும். ஒன்றும் இல்லை.

பழைய பதிவைச் செப்பனிடலாகாதோ எனிற் கூறுவோம். ‘ஆடாசிட்டி’யில் பழுதுநீக்கும் கருவி உண்டு, அது 128 துணுக்குகள் வரையே இட்டு நிரப்பும். எம் இழப்போ பல்லாயிரம். சிந்திய நீரை எக்கருவி அள்ளும்?

“மறுபடியுமா ராசா? போன தடவை பாடினது என்ன ஆச்சு?” என்றார் பாட்டியார். எம் பிழையென்றோம். அவர் சிரித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாடினார்.

இரண்டாம் பதிவில் ஓரிடமும் அறவில்லை. ஆயின் தாய்மாமன் அடி வந்தபோது தமையனார் பெயரை விடுத்து, எதிரிலிருந்த எம் பெயரை வைத்துப் பாடிவிட்டார். திருத்தச் சொல்ல எமக்கு நா எழவில்லை. பதினேழு அறுப்புடைய முதற் பதிவையும் அழிக்காது வைத்துள்ளோம். அதில் அப்பெயரின் முதலெழுத்து மட்டும் கேட்கின்றது.