ஹடப்சரிலிருந்து தெரியும் தீவுகள்

ஹடப்சரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரம் நடந்து போகும் வார்க்கரிகளுக்கு இது முக்கியமான இடம். புனேயில் சேர்ந்து தங்கும் இரண்டு பல்லக்குகள் இங்கே விடைபெற்றுக்கொள்கின்றன. துக்காராமின் பல்லக்கு சோலாப்பூர் சாலையில் லோணி கால்போரை நோக்கிப் போகிறது. ஞானேஸ்வரின் பல்லக்கு தெற்கே திரும்பி, திவே காட் மலைப்பாதையில் ஏறி, சாஸ்வட்டில் போய் இறங்குகிறது. மற்ற நாட்களில் இங்கே பிரிவதும் சேர்வதும் பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் காய்கறி லாரிகளும்தான்.

ஒரு காலத்தில் புனேக்குக் காய்கறி அனுப்பிய கிராமம். பிறகு தொழிற்பேட்டை வந்தது. கோவிட் நாட்களில் உலகமே பெயர் தெரிந்துகொண்ட சீரம் இன்ஸ்டிட்யூட் இங்கேதான் இருக்கிறது. மகர் குடும்பத்து விவசாயிகள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மகர்பட்டா நகரம் கம்ப்யூட்டர் கம்பெனிகளை அழைத்து வந்தது. அவற்றைத் தொடர்ந்து வந்தவர்களில் தமிழர்களும் கணிசம். இந்தக் கட்டடக் காட்டில் செடியையும் பூச்சியையும் தேடி யார் வரப்போகிறார்கள் என்று தோன்றும். ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பார்த்தால் விடை கிடைக்கும். தலையை யாரோ கத்தியால் சீவிவிட்டது போன்ற தட்டை மலைகள், ஒன்றன் பின் ஒன்றாக.

அவை தீவுகள்.

தீவு என்றதும் நமக்கு ராமேஸ்வரமும் அந்தமானும் நினைவுக்கு வருகின்றன. உயிரியல்காரர்களுக்குச் சுற்றிலும் கடல்நீர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஓர் உயிரினம் தாண்டிப் போக முடியாத எதுவும் அதற்குக் கடல்தான். மலை உச்சியின் ஈரத்துக்குப் பழகிய ஒரு சிறு செடிக்குக் கீழே இருக்கும் கரும்புத் தோட்டமும் சிமென்ட் ரோடும் வங்காள விரிகுடாவுக்குச் சமம். ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1967-ல் வெளியிட்ட புத்தகம் இந்தச் சிந்தனைக்குக் கணக்கு வடிவம் கொடுத்தது. வில்சன் அடிப்படையில் எறும்பு ஆராய்ச்சியாளர். தீவு சிறியதானால் அதில் வாழும் இனங்கள் குறைவு. தொலைவில் இருந்தால் புதிதாக வந்து சேர்பவை குறைவு. பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் இனங்கள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அந்தத் துறையின் வாய்ப்பாடு.

தீவில் கணக்கெடுப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் கிரகடோவா. 1883 ஆகஸ்டில் அந்த எரிமலைத் தீவு வெடித்துச் சாம்பலாயிற்று. சுமார் ஒன்பது மாதம் கழித்துப் போன பிரெஞ்சுக் குழு கண்ட ஒரே உயிர் ஒரு குட்டிச் சிலந்தி. அதன் பிறகு அங்கே காடு எந்த வரிசையில் திரும்பி வந்தது என்பது நமக்கு ஓரளவு தெரிகிறது என்றால், ஆட்கள் மறுபடி மறுபடி போய் எழுதி வைத்ததால்தான். வெடிப்பதற்கு முன்னால் அங்கே என்னென்ன இருந்தன என்பது மட்டும் சரியாகத் தெரியாது. அப்போது யாரும் முழுமையாக எழுதி வைக்கவில்லை.

ஹடப்சருக்குத் தெற்கே உள்ள ஒரு தீவுக்கு அந்தக் குறை கிடையாது. சாஸ்வட் சாலையில் ஃபுர்சுங்கி, உருளி தேவாச்சி, வட்கி கடந்து, மஸ்தானி ஏரியைப் பார்த்துக்கொண்டே திவே காட்டில் ஏறி, சாஸ்வட்டையும் தாண்டினால் புரந்தர் கோட்டை. பக்கத்திலேயே தம்பி போல வஜ்ரகட். சரித்திரம் படித்தவர்களுக்கு 1657-ல் சாம்பாஜி பிறந்த இடம். 1665-ல் சிவாஜி 23 கோட்டைகளை முகலாயர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்த மலையின் பெயரில்தான் இருக்கிறது. பிரிட்டிஷார் தங்கள் சிப்பாய்களை உடல் தேற அனுப்பிய இடமும் இதுவே. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்களை இங்கே காவலில் வைத்திருந்தார்கள்.

அதே போர் நடந்துகொண்டிருந்த 1944-ல்தான் பம்பாய் புனித சேவியர் கல்லூரிப் பேராசிரியர் ஹெர்மெனகில்ட் சாந்தபாவ் இந்த மலையில் செடி சேகரிக்க ஆரம்பித்தார். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1903-ல் பிறந்த ஏசு சபைப் பாதிரியார். 1956 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், இந்த ஒரே மலை. இடையில் 1954-ல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைமைத் தாவரவியலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்குப் பிறகும் புரந்தரை விடவில்லை. அங்கே கண்டுபிடித்த பூக்கும் தாவரங்களையெல்லாம் தொகுத்து 'புரந்தரின் தாவரங்கள்' என்று தனிப் புத்தகமே போட்டார். நாட்டின் எல்லாத் தாவரங்களுக்கும் பொறுப்பான ஒருவர் ஒரு கோட்டை மலைக்கு இத்தனை வருஷம் ஒதுக்கியதை இன்று எந்த அலுவலகம் ஒப்புக்கொள்ளுமோ! 1967-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1970-ல் காலமானார். தமிழ்நாட்டில் இதே காரியத்தைச் செய்தவரும் ஓர் ஏசு சபைப் பாதிரியார்தான்: திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் கே.எம். மாத்யூ. பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய தொகுதிகள் 1999-ல் வெளிவந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் எதற்கு? மலையை ஒருமுறை பார்த்தால் தெரியும். ஜூனில் ஒருமுறை, மேயில் ஒருமுறை பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஹடப்சர் மழை மறைவுப் பிரதேசம். ஏறக்குறைய 4,500 அடி உயரமுள்ள புரந்தர் உச்சியோ மேற்கிலிருந்து வரும் மேகத்தை நேரில் பிடித்துக்கொள்கிறது. கோடையில் வெறும் கருங்கல். முதல் மழை விழுந்ததும் கல் இடுக்கில் விரல்கனம் இருக்கும் மண்ணில் கிழங்குகள் கண் விழிக்கின்றன. பல செடிகளுக்குப் பிறப்பு, பூப்பு, விதை எல்லாமே நான்கு மாதத்தில் முடிந்தாக வேண்டும். தப்பான வாரத்தில் போனவர் பாதியைத் தவறவிடுவார். சஹ்யாத்ரியின் கார்வி, நம் குறிஞ்சியின் உறவு, பொதுவாக ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். மூன்று வருஷத் திட்டத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு வருபவர் அதன் பூவைப் பார்க்காமலே அறிக்கை எழுதிவிட முடியும்.

வேலையும் சுகமானதல்ல. பறித்த செடியைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். மழைக்காலத்தில் ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் தினமும் தாள் மாற்ற வேண்டும். காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும். ஆகவே நிறம், உயரம், பாறையின் எந்தப் பக்கம், தேதி எல்லாம் அங்கேயே நின்று எழுதியாக வேண்டும். இந்தச் சீட்டு இல்லாத செடி வெறும் சருகு.

சீட்டின் மதிப்புக்கு ஒரு சாட்சி உண்டு. மராட்டியில் ஷிண்டல் மாகுடி என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் காட்டில் பறித்துத் தின்னும் கள்ளிமுளையானின் நெருங்கிய சொந்தம். புனே மாவட்டத்து ஜுன்னர் பக்கம் கண்டுபிடித்து, 1860களில் தாவரவியலாளர் டால்செல் இதற்கு அன்றைய பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃபிரேரின் பெயரை வைத்தார்: ஃபிரேரியா இண்டிகா. இதன் இனத்தார் பலருக்கு இலையே பெயரளவுக்குத்தான். இதற்கு மட்டும் நல்ல பட்டையான இலைகள். கோடையில் அவற்றை உதிர்த்துவிட்டுச் சதைப்பற்றான தண்டை வைத்துக் காலம் தள்ளும். கருஞ்சிவப்புப் பூ, அதில் மஞ்சள் திட்டுகள். உலகில் இது வாழ்வது மகாராஷ்டிரத்தின் சில செங்குத்துப் பாறைகளில் மட்டுமே. வஜ்ரகட் அவற்றில் ஒன்று. அறிஞர்கள் இதன் பெயரைப் பலமுறை மாற்றிவிட்டார்கள்; இப்போது செரோபீஜியா பேரினத்தில் சேர்க்கிறார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் எந்தப் பாறையில் எந்தத் தேதியில் எடுத்தது என்ற சீட்டு மாறாது.

இங்கேதான் பூச்சி வருகிறது. செரோபீஜியாவின் பூ ஒரு பொறி. வாசனையை நம்பிக் குழாய்க்குள் நுழையும் குட்டி ஈயைக் கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்கள் வெளியே விடுவதில்லை. பூ வாடியதும் மயிர்களும் தளர்ந்து, ஈ மகரந்தத்தோடு விடுதலையாகும். அந்த ஈ இல்லாவிட்டால் விதை இல்லை. எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியைப் போலக் குறிப்பிட்ட குடும்பத்துச் செடிகளையே நம்பி வாழும் பூச்சிகள் இன்னொரு பக்கம். ஆக, செடி ஏட்டில் இருந்து பூச்சி ஏட்டில் இல்லையென்றால் அது பாதிக் கணக்குதான்.

நம் நாட்டில் பெரும்பாலும் பாதிக் கணக்கு என்பதே நிலைமை. கிருஷ்ணமேக் குண்டே வடக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் நான்கு வகை வாழிடங்களில் பட்டாம்பூச்சிகள் பருவந்தோறும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று எண்ணி 1997-ல் கட்டுரை எழுதினார். பட்டாம்பூச்சிக்கு அழகு உண்டு, ஆகவே ஆள் கிடைக்கிறது. ஈக்கும் வண்டுக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும்? மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்தும், இரவில் வெள்ளை வேட்டி கட்டி விளக்கேற்றியும் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பிடித்துவிடலாம். அவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அரிது. கைபேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் இளைஞர்கள் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் ஈயின் இனத்தைப் படத்தை வைத்துத் தீர்மானிப்பது பெரும்பாலும் நடக்காது. குப்பியில் ஓர் ஈயும் சீட்டும் வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம், தீவுகளைச் சுற்றியுள்ள கடல் ஏறிக்கொண்டே வருகிறது. ஹடப்சரின் ராம்டேக்டி குன்றை எல்லாப் பக்கமும் நகரம் சூழ்ந்துவிட்டது. கிளைடர் பயிற்சி மையத்தின் புல்வெளி விமானம் இறங்குவதற்காகக் காலியாக விடப்பட்டது. அதனாலேயே புல்லுக்கும் வெட்டுக்கிளிக்கும் ஒரு தீவாக மிஞ்சியிருக்கிறது. புனே குன்றுகளைப் பசுமையாக்குகிறோம் என்று முன்பு கிளிரிசிடியா நட்டார்கள். பார்வைக்குப் பச்சைதான். வெயிலை நம்பிப் புல்வெளியில் வாழும் செடிகளுக்கு அந்த நிழல் ஆகாது. திவே காட் சாலை பல்லக்குப் பாதையை அகலப்படுத்தும் திட்டத்தில் அடங்கியது. வார்க்கரிகளுக்கு அகலமான பாதை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. வெட்டுவதற்கு முன் அந்தச் சரிவின் செடி, பூச்சிப் பட்டியலையும் ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்திருக்கலாம் என்பதிலும் சந்தேகமில்லை. புரந்தர் தாலுகாவில் புதிய விமான நிலையம் கட்டும் திட்டமும் இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் தோது. புரந்தர் கோட்டை ராணுவத்தின் கையில் இருப்பதால் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். வஜ்ரகட் பக்கம் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. கோட்டை பார்க்க வந்தவர்களுக்கு இதில் ஏமாற்றம். அந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஷிண்டல் மாகுடிக்கு இதைவிட நல்ல காவல் அமையாது. காய்ந்த செடிகளைப் பார்க்க இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் புனேயிலேயே இருக்கிறது, 1955-லிருந்து. அங்கே சீட்டுகளைப் படித்துவிட்டு மலையேறினால், எந்தச் செடி இன்னும் அதே இடத்தில் இருக்கிறது என்று நீங்களே சரிபார்க்கலாம். பறிக்க மட்டும் வேண்டாம்.