இளங்கொடி விழாத இரவு

கன்று ஈன்ற வீட்டில் எல்லோரும் கன்றைத்தான் பார்ப்பார்கள். பட்டிக்காரர் மட்டும் இளங்கொடி விழுந்துவிட்டதா என்று பசுவையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுந்த கொடியைப் பையில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டுவது நம்மவர் வழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவும் பால் சொரியும் என்பது நம்பிக்கை. நாய் இழுத்துச் செல்லாது என்பது பயன்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதாத பத்திரிகையாளர் இல்லை. அதைச் சுற்றியுள்ள கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பகுதிகளின் தயிர்ச் சட்டிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தச் சட்டிக்குப் பின்னால் இருப்பது ஒரு பசுவின் அல்லது எருமையின் கருப்பை.

தம்பலகாமத்தில் எனக்குத் தெரிந்த பட்டிக்காரர் ஒருவரின் பசுவுக்கு ஒரு நாள் கடந்தும் கொடி விழவில்லை. தொங்கும் கொடியில் கல்லைக் கட்டு என்றார் ஒருவர். கையை விட்டு இழு என்றார் இன்னொருவர். வந்த கால்நடை வைத்தியர் இரண்டையும் தடுத்தார். இழுத்தால் கருப்பையின் உட்சுவர் கிழியும். கிருமிக்கு அதுவே வாசல். வெறுங்கையால் தொடுபவருக்கும் ஆபத்து உண்டு. புரூசெல்லா என்னும் கிருமி கொடியிலிருந்து மனிதருக்குத் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தரும். வைத்தியர் முதலில் பார்த்தது உடல் வெப்பத்தை. பிறகு, வடியும் நீரின் நிறத்தையும் நாற்றத்தையும். காய்ச்சலும் நாற்றமும் சேர்ந்திருந்ததால் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார்.

பெட்டைக் குதிரைக்கு இவ்வளவு அவகாசமும் இல்லை. ஈன்று மூன்று மணி நேரத்துக்குள் கொடி விழாவிட்டால் அது அவசர நிலை. நஞ்சு இரத்தத்தில் கலந்து குளம்புகளையே பாதிக்கும். கருப்பைத் தொற்று உண்டா என்பதை உள்ளிருந்து பஞ்சில் எடுத்த மாதிரியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியும், ஸ்கேன் மூலம் தேங்கிய நீரைக் கண்டும் அறிகிறார்கள். உப்புநீரால் கருப்பையைக் கழுவி, அது சுருங்க ஒக்சிரோசின் கொடுத்து, கிருமிக்கு ஏற்ற மருந்து செலுத்துகிறார்கள். 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பண்ணைகளில் ஒரு புதிய கருப்பைத் தொற்று கண்டறியப்பட்டது. அதைப் பரப்பிய ஆண் குதிரைகளிடம் நோயின் அடையாளமே இருக்கவில்லை.

நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளுக்கு இந்தக் கவனிப்பெல்லாம் ஏது?

தம்பலகாமத்துப் பசு பிழைத்தது. ஆனால் மருந்து ஏறிய பாலை வைத்தியர் குறித்த நாள்வரை விற்கக் கூடாது. அது தயிராகவும் ஒழுங்காக உறையாது. உறைமோரில் உள்ள கிருமிகளையும் மருந்து கொன்றுவிடும். அந்த நாட்களில் அவர் பாலை நிலத்தில் ஊற்றினார். அந்த நட்டத்தை ஈடுசெய்ய யாரும் வரவில்லை. வாங்குகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. சட்டித் தயிரின் விலையைப் பற்றி முறைப்பட்டுக்கொள்வோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.