வூடு, வீடு, ஹவுஸ்

மகளை ஆங்கில வழிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்ததிலிருந்து இரண்டு தரப்பும் என்னைக் கேள்வி கேட்கிறது. தமிழ் உணர்வுள்ள தோழர்கள், "நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்கிறார்கள். (கேட்டவர்களில் இருவரின் பிள்ளைகள் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறார்கள். போகட்டும்.) பள்ளியோ, "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க சார், அப்பதான் வரும்" என்கிறது. இருவருக்கும் வாயால் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாளை இதே கேள்வி வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தலித்துகள் ஆங்கிலம் கேட்பதை மோகம் என்பவர்களுக்கு நம் வரலாறு தெரியாது. பாபாசாகேப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவர் என்று மறுத்தார்கள், பாரசீகம் எடுத்தார். மறுக்கப்பட்ட மொழியைப் பின்னாளில் தானே கற்றார். 1920இல் மூக்நாயக் இதழை மராத்தியில் தொடங்கியவர், 1936இல் சாதி ஒழிப்பு நூலை ஆங்கிலத்தில் அச்சிட்டார். சொந்த சனத்தோடு பேச ஒரு மொழி, உலகத்தோடு வழக்காட இன்னொன்று. இங்கே 1893இல் பறையன் இதழைத் தமிழில் தொடங்கிய ரெட்டைமலை சீனிவாசன்தான் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனார். 1907இல் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கிய அயோத்திதாசர் எத்தனை மொழி அறிந்தவர் என்று உங்களுக்கே தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம் முன்னோர் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

ஆகவே ஆங்கிலம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

சேர்த்த இரண்டாம் மாதம் ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார்: "பாப்பா நல்லாப் பழகுறா சார். ஆனா வூடு, குந்து, இட்டுகினுன்னு பேசுறா. மத்த பசங்களும் புடிச்சிக்கிறாங்க. வீட்ல கொஞ்சம் டீசன்டா பேசுங்களேன்."

கவனியுங்கள். ஆங்கிலம் கற்கப் போன பிள்ளை மீது வந்த முதல் புகார் அவள் தமிழைப் பற்றியது. அந்தத் தமிழ் என் அம்மாவுடையது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கழனிகளில் நாற்று நட்ட காலத்திலிருந்து அவர் பேசி வரும் தமிழ். குந்து என்பது அகராதியிலேயே இருக்கிற சொல். இருந்தும் சேரியின் வாயிலிருந்து வந்தால் அது அழுக்காகிவிடுகிறது. மற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்து ஹவுஸுக்கு ஒரு படி ஏறினால் போதும். என் மகள் வூட்டிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து ஹவுஸுக்கும் ஏற வேண்டும். இருமொழிக் கல்வி பற்றிப் பேசுகிற யாரும் இந்த மூன்றாவது மொழியைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஓர் இரவு என்னிடம், "ஆயா பேசுறது தப்பாப்பா?" என்று கேட்டாள். "தப்பில்ல, ஆயா பேசுறதும் தமிழ்தான்" என்றேன். நாலு வயதுக்கு வேறென்ன விளக்கம் சொல்ல?

பள்ளிக்காரர்கள் இதை 'இம்மர்ஷன்' என்கிறார்கள், மொழிக்குள் முழுசாக இறக்கிவிடுவதாம். அந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1965இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டுப் பெற்ற பிரெஞ்சு வகுப்பு அது. ஆசிரியர் பிரெஞ்சில் பேசுவார். பிள்ளைகள் முதலில் தங்கள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லலாம், தண்டனை இல்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலமும் பாடமாக வந்தது. பிள்ளைகள் வீட்டு மொழியை இழக்கவில்லை. எப்படி இழப்பார்கள்? அந்த நாட்டின் பணமும் பதவியும் பேசிய மொழியல்லவா அது! வீட்டு மொழி மதிக்கப்படும் இடத்தில் இன்னொரு மொழி வந்து கூடும், இழிவாகப் பார்க்கப்படும் இடத்தில் புதியது வரும்போது பழையது கழியும். அந்த வகுப்பை ஆராய்ந்த வாலஸ் லாம்பர்ட்டே இந்த வேறுபாட்டைப் பிற்பாடு எழுதினார். தமிழ் பேசினால் பெயரைப் பலகையில் எழுதும் நம்மூர் வகுப்பு இம்மர்ஷன் இல்லை. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவது.

எனக்கு இன்னும் பிடித்தது நியூசிலாந்தின் கதை. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை மாவோரிகளுக்கும் உண்டு. மொழி அழியும் நிலைக்கு வந்தபோது, 1982இல் கோஹாங்கா ரேயோ என்ற மழலையர் கூடங்களைத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு மொழி கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பாட்டிகளும் தாத்தாக்களும். எங்கள் வீட்டில் 'டீசன்டா' பேசச் சொல்லப்பட்ட கிழவிக்கு அங்கே வகுப்பறையில் நாற்காலி.

ஆசிரியை மீது எனக்குக் கோபமில்லை. சொற்பச் சம்பளத்தில் முப்பது பிள்ளைகளை மேய்க்கிறார், அவரும் தமிழ் வழியில் படித்து வந்தவர்தான். அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: அவள் எந்தத் தமிழில் சொன்னாலும் நீங்கள் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள், திருத்த வேண்டாம். யோசித்துவிட்டுச் சரி என்றார். வீட்டில் ஆயா தன் மொழியில் கதை சொல்கிறார், விடுகதை போடுகிறார். இரவு நான் ஆங்கிலப் படப் புத்தகம் வாசிக்கிறேன், ஒரே புத்தகத்தைப் பத்து நாள். இப்போது, "ரெயின் கமிங்பா, ஆயா கொடை எடுத்துகினு வரும்" என்கிறாள். இப்படிக் கலந்து பேசுவதைக் குழப்பம் என்று பயப்படாதீர்கள். இரண்டு மொழியில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் இது என் வீட்டுச் சமாளிப்பு. வாசிக்கத் தெரிந்த அப்பன் இல்லாத வீட்டுக்கு என்ன வழி? கல்வி உரிமைச் சட்டம், பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. தாய்மொழி வழியை அரசு திணிக்க முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எல்.கே.ஜி. யார் கண்ணிலும் படுவதில்லை. தமிழக அரசு 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கியது. 2022இல் அவற்றை மூடப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடரும் என்றார்கள். அவ்வகுப்புகளுக்கு இரண்டு மொழியும் தெரிந்த, சிறு பிள்ளைக் கல்வியில் பயிற்சி பெற்ற, நிரந்தர ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர்களில் நம் தெருக்களிலிருந்து வந்தவர்களும் இருக்க வேண்டும். சேரித் தமிழைக் கேட்டு முகம் சுளிக்காதவர்கள் வேண்டும் என்றால் வேறெங்கே தேடுவது?

மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதுவரை சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் குடியிருப்பின் அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். ஒரு கதை ஆயாக்கள் சொல்கிறார்கள், ஒரு கதை ஆங்கிலத்தில் வாசிக்கிறோம். ஆங்கிலத்துக்குத்தான் ஆள் பற்றவில்லை. கல்லூரி மாணவர்கள் யாராவது வரலாம். உச்சரிப்பு பற்றிக் கவலைப்படாதீர்கள், என்னுடையதை விட மோசமாக இருக்க வாய்ப்பில்லை.