அம்மிக்கல் ஸ்டீரியோ

எங்கள் வீட்டு ரெக்கார்ட் பிளேயருக்கு ஒரு வியாதி இருந்தது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) எல்.பி.யைப் போட்டால், வயலின் சூடுபிடிக்கிற நேரமாகப் பார்த்து முள் துள்ளிவிடும். தியாகராஜரும் பாக்கும் கைகுலுக்குகிற இடத்தில் விபத்து!

''ஆம்ப்ளிஃபையரை மாத்துங்க சார்'' என்றார் சென்னைக் கடைக்காரர் ஒருவர். விலை என் ஒரு மாதச் சம்பளம். பேசாமல் காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

வியாதியைக் கண்டுபிடித்தவர் அப்பா. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு. ''நான் தறி அடிக்கிறப்பதான்டா உன் பொட்டி விக்குது!'' என்றார்.

சரிதான். குழித்தறி தரையோடு தரையாக இருப்பது. ஒவ்வொரு அடியும் தரைவழியே மேஜைக்கு ஏறுகிறது. தலைமுடி அகலப் பள்ளத்தில் ஓடுகிற முள்ளுக்குப் பாட்டு எது, தறி எது என்று தெரியுமா, பாவம்!

முதலில் ஸ்பீக்கர்களைப் பிளேயர் மேஜையிலிருந்து இறக்கினேன். சத்தம் கூட்டினால் வரும் 'ஊம்ம்' நின்றது. அடுத்து, மிக்ஸி வந்தபின் சும்மா கிடந்த அம்மி. கீழே மடித்த சைக்கிள் ட்யூப், அதன்மேல் அம்மி, அதன்மேல் பிளேயர். அதிர்வை ரப்பர் தடுத்தது. மீறி வந்ததைக் கல்லின் கனம் அமுக்கியது. செலவு, பூஜ்யம். மனைவியின் முறைப்பு தனி.

இப்போது முழங்கால் வலியால் அப்பா தறிக்குழியில் இறங்குவதில்லை. அம்மிக்கும் வேலையில்லை. ஆனாலும் எடுக்க மனசு வரவில்லை.

போன ஞாயிறு அதே வயலின். முள் அசையவில்லை.

''நல்லா கேக்குதாப்பா?''

''நல்லாத்தான் இருக்கு. என் தாளத்தைத்தான் காணோம்!''