தறிக்குழி அறை

– இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்) மாணவி

எங்கள் வீட்டில் மூன்று அறைகள் உண்டு என்று யாரிடமாவது நான் சொன்னால், அம்மா உடனே குறுக்கிட்டு, "ரெண்டுன்னு சொல்லு கண்ணு" என்பார். மூன்றாவது அறை பின்கட்டில் இருக்கிறது. அதற்குக் கதவும் உண்டு. ஆனால் கதவு பாதிக்குமேல் திறக்காது. குற்றம் கதவினுடையதன்று, அதற்குப் பின்னால் குவிந்திருந்த சாமான்களுடையது.

சேலத்துக்கு மேற்கே தறிச் சத்தத்தோடு பொழுது விடியும் ஊர்களுள் எங்கள் ஊரும் ஒன்று. என் தந்தை கைத்தறி நெசவாளர். நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டில் கைத்தறியை நிறுத்திவிட்டு விசைத்தறிக் கூடமொன்றில் கூலிக்குச் சேர்ந்தார். ஒரு சேலைக்கு மூன்று நான்கு நாள் உட்கார வேண்டிய தொழிலை, ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலோடு போட்டியிடச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்றிலிருந்து பின்கட்டு அறை ‘தறி வீடு’ என்ற பெயரை வைத்துக்கொண்டே சாமான் அறையாகிவிட்டது என்பதுதான்.

அந்த அறையின் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் தேர்வு. அப்பாவுக்கு இரவு ஷிப்டு; பகலில் முன் அறையில் உறங்குவார். மற்றோர் அறையில் அடுப்பும் தம்பியும் இருக்கிறார்கள். இருவருமே சும்மா இருப்பதில்லை. நான் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கரிம வேதியியல் படித்தேன். மாலையில் அங்கே விளக்கு வெளிச்சமும் குறைவு, கேள்வி கேட்பவர்களும் அதிகம்.

கொத்தனார் ஒருவரைக் கேட்டேன். தறிக்குழியை மூடி, சுவரைப் பூசி, தரை போட்டுத்தர அவர் சொன்ன தொகை என் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. ஆகவே பொங்கல் விடுமுறையில் நானே செய்வது என்று முடிவு செய்தேன். போகிக்கு ஆறு நாள் இருந்தது.

முதல் நாள் முழுவதும் வெளியே எடுத்துப் போடுவதிலேயே கழிந்தது. காதறுந்த அண்டா, திரியில்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ், சைக்கிள் ரிம் இரண்டு, தாத்தா காலத்து லாந்தர், மூடியில்லாத தகர டின்கள், டின்னில்லாத மூடிகள். அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, மின்விசிறி ஆகியவற்றின் அட்டைப்பெட்டிகள் அப்படியே இருந்தன. மிக்ஸி கெட்டுப்போய்ப் பல நாளாயிற்று. பெட்டி மட்டும் புதிது. எதை எடுத்தாலும் அம்மா, "அது எதுக்காவது ஆவும்" என்றார். எதற்கு ஆகும் என்று கேட்டால் பதில் வராது. கடைசியில் நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அம்மா பால் கறவைக்கு எழுந்து போகும் நேரத்தில் நான் ஒதுக்குவேன். அம்மா திரும்பி வந்தபின் பாதியை உள்ளே எடுத்து வைப்பார். ஒப்பந்தம் என்று நான் சொல்கிறேனே தவிர, அம்மாவைக் கேட்டால் வேறு பெயர் சொல்லக்கூடும்.

இரண்டாம் நாள் பழைய இரும்புக்காரர் வந்து எடைபோட்டார். எல்லாம் சேர்த்து 312 ரூபாய் கொடுத்தார். அதில் சுண்ணாம்பும் மட்டையும் வாங்கிவிடலாம் என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

மறுநாள் காலையில் அப்பா ஷிப்டு முடிந்து வந்தவர், காலியான பரணை அண்ணாந்து பார்த்தார்.

"பரண்மேல ஒண்ணு துணி சுத்தி இருந்துச்சே?"

துணி ஏதும் இல்லை. எலி இழுத்துக் கிழித்த கந்தல் கொஞ்சமும், நீளமாகத் துருவேறிய சீப்பைப் போன்ற ஓர் இரும்புச் சாமானுந்தான் இருந்தன. அதைச் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசையன்று என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு துணிப்பொதியை வைத்துப் பொட்டு வைப்பார். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது தறியின் அச்சு. நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளுக்கு இடையே பாவு நூல் ஒவ்வொன்றாகப் புகுந்து வரும். ஊடையை அடித்து நெருக்குவதும் அதுதான். துணியின் நெருக்கம் அச்சில்தான் இருக்கிறது.

"எவ்வளவு குடுத்தான்?"

"எல்லாம் சேர்த்து 312, அப்பா."

அப்பா டீயைக் குடித்து முடித்தார். "துருப்புடிச்சா அதுவும் இரும்புதான். போவுது" என்று படுத்துக்கொண்டார். அவர் உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உறங்கினால் குறட்டை கேட்கும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். முதல் நாள் இரவே லாரி ஏறிவிட்டது என்றார் கடைக்காரர். வேண்டுமானால் மிச்சக் குவியலில் தேடிக்கொள்ளச் சொன்னார். ஒரு மணி நேரம் தேடினேன். அச்சு கிடைக்கவில்லை. கிடைத்தது நாடா. இரு முனையிலும் இரும்புக் கூர் வைத்த மரநாடா. அதையும் நான் விற்றிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கடைக்காரர் இருபது ரூபாய் கேட்டார்; கொடுத்தேன். நான் விற்ற எடைக்கு அது எவ்வளவு பெற்றிருக்கும் என்று கணக்குப் பார்க்க மனம் வரவில்லை.

அப்பா எழுந்ததும் அதைக் கையில் கொடுத்தேன். கூர்முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "இது எங்க கண்ணு கெடந்துச்சு?" என்று கேட்டார். அச்சைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வேலையைப் பாதியில் விட மனமில்லை. சுவர் காத்திருந்தது. அதன் அடிப்பாகம் இரண்டு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. தன்னில் கரைந்த உப்பையும் கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிப் போக உப்பு படிகமாகி மேற்பூச்சைத் தள்ளுகிறது. முன்பொரு முறை இதற்குச் சிமெண்டு பூசினார்கள். ஈரம் சிமெண்டுக்குள் அடைபட்டு, அதற்கு மேலே ஏறி அங்கே பூத்தது. நெய்த காலத்தில் தறிக்குழியின் இந்த ஈரம்தான் நூல் அறாமல் காத்தது என்று அப்பா சொல்வார். நூலுக்கு நல்லது சுவருக்கு ஆகவில்லை. உப்பிய சிமெண்டைத் தட்டி எடுத்து, உப்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். ஈரம் வெளியே போக வழிவிடும் சுண்ணாம்பையே அடிப்பது என்று தீர்மானித்தேன். விலையும் அதற்குத்தான் குறைவு.

ஐந்து கிலோ கல் சுண்ணாம்பு வாங்கினேன். சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் எங்கள் மாவட்டத்தில் பெயர் பெற்றது. 56 கிராம் கால்சியம் ஆக்சைடு 18 கிராம் நீரை ஏற்று 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கணக்குப்படி ஐந்து கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் நீர் போதும். ஆனால் 56 கிராமுக்குச் சுமார் 65 கிலோ ஜூல் வெப்பம் வெளிப்படும் என்ற வரி, தகர டின்னின் முன் நிற்கும்போது வேறு விதமாகப் புரிகிறது. நீர் பட்ட சற்று நேரத்தில் கல் வெடித்துக் கொதித்தது. ஒரு துளி மணிக்கட்டில் தெறித்தது. உடனே நிறைய நீர்விட்டுக் கழுவினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுத வேண்டும். செய்பவர்கள் முகத்தை விலக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஊற்றி, சிறிது நீலமும் கலந்து அடித்தேன். அடித்தால் சுவர் வெளுக்கவே இல்லை! சுண்ணாம்பு தண்ணியாகிவிட்டது என்று நினைத்து, கெட்டியாகக் கலக்கி மேலே மேலே அப்பினேன். ஈரமாக இருக்கும்வரை சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், காயக் காயத்தான் வெள்ளை எழும் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் கெட்டியாக அப்பிய இடமெல்லாம் செதில் செதிலாக உரிந்து நின்றது. அவ்வளவையும் சுரண்டி, இம்முறை சுவரை முதலில் நீர்விட்டு நனைத்து, மோர்ப் பதத்தில் மூன்று முறை அடித்தேன். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று அது மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். சங்ககிரியிலிருந்து புறப்பட்ட கல், சூளையும் டின்னும் கண்டு, எங்கள் சுவரில் பழையபடி கல்லாகிறது. ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதிப் பால் நிறமாக்கினோமே, அதே வினைதான்.

"படிக்கிற புள்ள மட்டையப் புடிச்சிக்கிட்டு நிக்குது" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

"படிக்கிறதே இதைத்தான் அத்தை" என்றேன். அவர் நம்பவில்லை.

கடைசியாகக் குழி. அதை மண் போட்டு மூடுவதென்பதுதான் என் திட்டம். போகிக்கு முதல் நாள் மாலை, மண்ணுக்குச் சொல்லிவிட்டு வரப் புறப்பட்டேன். அப்பா வேலைக்குப் போகுமுன் அறைக்குள் வந்தார். வெள்ளைச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். கரையான் தின்ற இரண்டு தறிக்கால்களைத் தட்டிப் பார்த்து, "இது அடுப்புக்குத்தான்" என்றார். பிறகு பழக்கத்தில் செய்பவர்போலக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அப்படி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மண்ணு போட்டா ரெண்டு மழைக்கு அமுங்கிப் போவும்" என்றார். கரையான் தொடாத தறிப்பலகை ஒன்றை எடுத்துத் தன் முன்னே குறுக்காக வைத்தார். உயரம் சரியில்லை, இருபுறமும் இரண்டு செங்கல் வைத்தார். "நோட்டு வச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தேன். முதுகு வளையாமல் எழுத முடிந்தது. மண் சொல்லப் போகவில்லை.

இப்போது அங்கேதான் படிக்கிறேன். கால் எப்போதும் சில்லென்று இருக்கிறது. குழிக்குள் ஒரு தவளையும் இருக்கிறது, விரட்டினாலும் போவதில்லை. நாடா பலகையின் ஓரத்தில் தாள் பறக்காமல் இருக்கிறது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால், மிக்ஸியின் அட்டைப்பெட்டி மறுபடியும் மூலையில் வந்து உட்கார்ந்திருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.