உறங்கும் கோலங்கள்

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் இரண்டாம் பாதிக்கு எங்கள் வீட்டில் சான்றுகள் ஏராளம். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து, யார் எப்படித் தூங்கினாலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் பகிர்வது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. குழந்தை, பூனை, நாற்காலியில் குறட்டை விடும் தாத்தா என்று ஒருவரையும் நாங்கள் விட்டுவைப்பதில்லை. அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நான், ஒவ்வோர் உயிரும் ஏன் ஒவ்வொரு விதமாகத் தூங்குகிறது என்று பிறகு யோசிக்கத் தொடங்கினேன்.

தமிழில் படுக்கும் விதத்தைச் சொல்ல மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்னும் சொற்கள் உள்ளன. எட்டு மாதக் குழந்தைக்கு அவை போதா. ஒருநாள் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, காவலரிடம் சரணடைந்த திருடனைப் போல அவன் தூங்குவான். மறுநாள் முழங்கால்களை மடக்கி, கன்னத்தை மெத்தையில் பதித்து, பின்புறத்தை மட்டும் கோபுரம்போல உயர்த்தியிருப்பான். இரவில் தலை இருந்த இடத்தில் காலையில் கால் இருக்கும். சில வேளைகளில் தூக்கத்திலேயே புன்னகைப்பான். “நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது” என்பார் பாட்டி.

இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. தாயின் கருப்பையில் பல மாதங்கள் கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடந்த உடல் அது. அதன் மூட்டுகள் எளிதில் வளையும். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். அதில் ஏறக்குறைய பாதி நேரம், மூடிய இமைகளுக்குள் கண்கள் அங்குமிங்கும் அசைந்துகொண்டிருக்கும். அப்போது மூளை சுறுசுறுப்பாக இருக்கும், தசைகளோ தளர்ந்திருக்கும். இடையிடையே உதடுகளும் விரல்களும் துடிக்கும். பாட்டி சொல்லும் நரியின் வேலை இதுதான்.

ஆனால், குழந்தை படுக்கும் விதம் சிரிப்புக்குரியது மட்டுமன்று. அவன் பிறந்து சில நாள்களே ஆகியிருந்தபோது வீட்டுக்கு வந்த தாதி, “எப்போதும் மல்லாந்துதான் படுக்கவைக்க வேண்டும்” என்று அக்காவிடம் கூறினார். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. “நான் நான்கு பிள்ளைகளையும் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன், அம்மா. அப்படிப் போட்டால்தான் குழந்தை அசந்து தூங்கும்,” என்றார்.

“உண்மைதான், பாட்டி. அசந்து தூங்குவதில்தான் ஆபத்தே இருக்கிறது. மூச்சு முட்டினால் விழித்துக்கொள்ள வேண்டுமே! முகம் மெத்தையில் அமுங்கினால் தலையைத் திருப்பவும் இந்தப் பிஞ்சுக் கழுத்துக்குத் தெம்பில்லை,” என்று அந்தத் தாதி பொறுமையாக விளக்கினார்.

குழந்தைகளை மல்லாந்து படுக்கவைக்க வேண்டும் என்ற விழிப்புணர்வு இயக்கம் 1991ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில், தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அந்நாடுகளில் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. படுக்கவைக்கும் விதத்தை மாற்றியதால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. பாட்டி வாதாடவில்லை. நாங்களெல்லாம் தூங்கி வளர்ந்த சாரோங் தொட்டிலை மடித்து அலமாரியில் வைத்தார். தலையணையும் பொம்மையும் இல்லாத, சமமான கட்டிலில் பேரனை மல்லாந்து கிடத்தினார். அந்தக் கோபுரக் கோலமெல்லாம், அவன் இருபுறமும் தானே புரளக் கற்றுக்கொண்ட பிறகு வந்தவை.

எங்கள் பூனையின் கதை வேறு. அது முதலில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வாழ்ந்தது. அங்கே அது நன்றாகப் படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கல் இருக்கைக்கு அடியில், நான்கு பாதங்களையும் வயிற்றுக்குக் கீழே வைத்து, ரொட்டித் துண்டைப் போல உட்கார்ந்திருக்கும். கண்கள் மூடியிருந்தாலும் காதுகள் திரும்பிக்கொண்டே இருக்கும். சைக்கிள் ஒன்று கடந்தால் போதும், துள்ளி ஓடிவிடும். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடைத்ததும் அதை வீட்டுக்கு அழைத்து வந்தோம். முதல் வாரம் சோபாவுக்கு அடியில் அதே ரொட்டிக் கோலம். பின்னர் மெல்ல மெல்லச் சுருண்டு படுத்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு மதியம், கூடத்தின் நடுவே நான்கு கால்களும் நான்கு திசையைப் பார்க்க, வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தது. வெயில் காலத்தில் உடலைக் குளிர்விக்கவும் பூனை இப்படிப் படுப்பதுண்டு. எனினும், வயிறுதான் பூனையின் உடலில் எளிதில் காயப்படக்கூடிய பகுதி. பயம் இருக்கும் இடத்தில் அது வயிற்றைக் காட்டித் தூங்காது.

தூங்கும் கோலம் உடலின் வசதியை மட்டும் பொறுத்ததன்று என்பது அன்று எனக்குப் புரிந்தது. அந்த உயிர் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறது என்பதையும் அது காட்டுகிறது. பிற விலங்குகளைப் பற்றிப் படித்தபோது இந்த எண்ணம் வலுப்பெற்றது. குதிரை கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே கண்ணயரும். ஆபத்து வந்தால் எழுந்து நிற்கும் நேரம் மிச்சம் அல்லவா? ஆனால், ஆழ்ந்து உறங்க அதுவும் தரையில் படுத்தாக வேண்டும். போட்ஸ்வானா நாட்டுக் காட்டில் இரண்டு பெண் யானைகளைக் கண்காணித்த ஆய்வாளர்கள், அவை நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணி நேரமே தூங்கியதாக 2017ஆம் ஆண்டில் தெரிவித்தனர். அந்தத் தூக்கத்திலும் பெரும்பகுதி நின்றபடியேதான்! கடலிலோ, எண்ணெய்த் திமிங்கிலங்கள் நட்டுவைத்த தூண்களைப் போலச் செங்குத்தாக மிதந்து சிறிது நேரம் தூங்குகின்றன.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டவை வாத்துகள்தாம். அவை வரிசையாக அமர்ந்து தூங்கும்போது, நடுவில் இருப்பவை பெரும்பாலும் இரு கண்களையும் மூடிக்கொள்கின்றன. ஓரத்தில் இருக்கும் வாத்தோ அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கிறது. திறந்திருக்கும் அந்தக் கண் கூட்டத்துக்கு வெளிப்புறமாகவே பார்க்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். நடுவில் இருக்கும் வாத்தின் நிம்மதியான உறக்கத்துக்குப் பின்னால், ஓரத்து வாத்தின் அரைத் தூக்கம் இருக்கிறது.

அதைப் படித்த பிறகு எங்கள் வீட்டைப் புதிதாகப் பார்த்தேன். அத்தானுக்கு இரவு வேலை. அக்கா பகலில் அலுவலகம் செல்ல வேண்டும். அதனால், இரவில் குழந்தையின் கட்டில் பாட்டியின் அறையில் இருக்கும். பாட்டி எப்போதும் சுவர்ப் பக்கம் தள்ளிப் படுக்காமல், கட்டிலை ஒட்டிய ஓரத்திலேயே ஒருக்களித்துப் படுப்பார். ஒரு கை குழந்தையின் கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும். குழந்தை சிணுங்கினால், அழுகையாக மாறுமுன் எழுந்துவிடுவார். எங்கள் குடும்பக் குழுவில் அந்தக் கோலத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லையே!

சென்ற பள்ளி விடுமுறையில், அத்தானோடும் என் நண்பனோடும் நண்பகலில் சாப்பாட்டுக் கடைக்கு நடந்து சென்றேன். வழியில் கட்டுமான ஊழியர்கள் சிலர் மர நிழலில் அட்டைகளை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலைக்கவசத்தைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி கிடந்தார். மற்றொருவரின் கால்கள் புல்வெளியிலும் தலை நடைபாதையிலும் இருந்தன. நண்பன் சிரித்துக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்தான். அத்தான் அவன் கையை மெல்லத் தாழ்த்தினார்.

“வேண்டாம், தம்பி. காலையிலிருந்து வெயிலில் நின்றிருப்பார்கள். தூங்க இந்தச் சிறிது நேரம்தான் கிடைக்கும். இந்த வழியாகப் போகும் நம்மையெல்லாம் நம்பித்தானே கண்ணை மூடியிருக்கிறார்கள்?” என்றார்.

நண்பன் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தான். நாங்கள் பேச்சைக் குறைத்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

அத்தானின் சொற்கள் என் மனத்தில் தங்கிவிட்டன. தூங்கும்போது எந்த உயிராலும் தன்னை முழுமையாகக் காத்துக்கொள்ள முடியாது. குழந்தை பாட்டியை நம்பித் தூங்குகிறது. பூனை எங்களை நம்பித் தூங்குகிறது. பெருவிரைவு ரயிலில் பக்கத்து இருக்கையில் தலை சாய்ந்து உறங்குபவர், முன்பின் அறியாத நம்மை நம்பித் தூங்குகிறார். குழந்தையின் வேடிக்கையான கோலத்தைக் கண்டால் நான் இன்றும் சிரிக்கிறேன். ஆனால், கைகால்களை விரித்து ஓர் உயிர் கவலையின்றித் தூங்கினால், அதற்காக யாரோ ஒருவர் ஓரத்தில் விழித்திருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் அவர் யார் என்று இன்றிரவு கவனித்துப் பாருங்கள்.

பாட்டிக்கு இப்போது 72 வயது. சனிக்கிழமை இரவுகளில் குழந்தையின் கட்டிலை என் அறைக்கு மாற்றிக்கொள்கிறேன். மறுநாள் எனக்குப் பள்ளி இல்லை. முதல் வாரம் பாட்டி இருமுறை வந்து எட்டிப் பார்த்தார். இரண்டாம் வாரம் ஒருமுறை. சென்ற வாரம் அவர் வரவே இல்லை. விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பாட்டியின் அறையைக் கடந்தேன். கட்டிலின் நடுவில் கைகால்களை விரித்து, மெல்லிய குறட்டையோடு, அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்.