நாள் மாற்றச் சொன்ன நாதன்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவள்ளூருக்கு முன்னதாக அமைந்திருக்கிறது திருநின்றவூர். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் அங்கே உண்டு. தாயாரின் திருநாமம் 'என்னைப் பெற்ற தாயார்'. மற்றொன்று இருதயாலீஸ்வரர் கோயில். இதய நோய் கண்டவர்களும் அவர்களுடைய உறவினர்களும் அங்கு வந்து வேண்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

பூசலார் நாயனாரின் வரலாறு இவ்விதழின் வாசக அன்பர்கள் அறியாததன்று. கல்லும் பொருளும் கிட்டாமல், நெஞ்சுக்குள்ளேயே அடித்தளம் இட்டு, தூணும் விமானமும் எழுப்பி, குளமும் திருமதிலும் அமைத்துக் கோயில் கட்டியவர் அவர். ஐப்பசி அனுஷத்தன்று அவருடைய குருபூஜை. அந்த வரலாற்றைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மனக்கோயிலை நினைந்து உருகுவார்கள். எனக்கோ அதில் வேறோர் இடம் பெரிதாகத் தெரியும். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டான். நல்ல நாள், நல்ல முகூர்த்தம், எல்லாம் பார்த்துக் குறித்ததுதான். ஆயினும், இறைவன் அவன் கனவில் தோன்றி, அதே நாளில் தாம் பூசலார் கட்டிய கோயிலில் எழுந்தருளப் போவதால், விழாவை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளும்படி பணித்தார். ஓர் ஏழை அடியாரின் இதயத்துக்காக, அரசன் குறித்த நல்ல நாளைத் தள்ளி வைக்கச் சொன்னவர் இறைவனே.

இதனை நான் சிந்திக்கக் காரணம் என் தொழில். முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றினேன். அவற்றுள் பத்தொன்பது ஆண்டுகள் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. இதயமும் இரத்த ஓட்டமும் தளர்ந்து வரும் சிசுக்களை நாழிகைக் கணக்கில் காப்பாற்ற வேண்டிய இடம் அது.

கருப்பையில் இருக்கும் சிசு மூச்சு விடுவதில்லை. தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயு தொப்புள்கொடி வழியே வந்து சேர்கிறது. ஆகவே, நுரையீரலுக்குப் பெருமளவு இரத்தம் போக வேண்டிய தேவையில்லை. அதனைத் தவிர்த்து உடலுக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாயைப் படைப்பு வைத்திருக்கிறது. நுரையீரலுக்குச் செல்லும் தமனியையும் உடலுக்குச் செல்லும் பெருந்தமனியையும் இணைக்கும் அதனை 'டக்டஸ்' என்று சுருக்கமாகச் சொல்வோம். குழந்தை பிறந்து வீறிட்டு அழுததும் நுரையீரல் விரிகிறது. அந்தக் குழாய்க்கு இனி வேலையில்லை. இரண்டு மூன்று நாள்களில் அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்கிறது. உட்கோயில் திறந்தபின் பக்கவாசலைச் சாத்துவதுபோல.

சில குழந்தைகளுக்கு இதயம் வேறுவிதமாக அமைந்துவிடுகிறது. நுரையீரலுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். பெருந்தமனி ஓரிடத்தில் நூலாகக் குறுகியிருக்கலாம். அவர்களுக்கு அந்தப் பக்கவாசல்தான் ஒரே வாசல். அது திறந்திருக்கும்வரை குழந்தை நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். பால் குடிக்கும், உறங்கும், வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். வாசல் மூடும் நாளில் திடீரென்று வாடிவிடும். பல வீடுகளில் அது பதினோராம் நாள் புண்ணியாகவாசனத்துக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது.

இந்த வாசலைப் பற்றி மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட விதமும் வியப்புக்குரியது. 1938இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர், மூடாமல் போன டக்டஸை ஒரு சிறுமிக்குக் கட்டி மூடினார். பால்டிமோரில் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர் அதற்கு நேர்மாறான ஒன்றைக் கவனித்து வந்தார். நீலம் பாரித்த குழந்தைகளில், இந்த வாசல் திறந்திருந்தவர்கள் ஓரளவு தேறினார்கள், மூடியதும் நலிந்தார்கள். மூடத் தெரிந்தவர்களுக்கு ஒன்றைப் புதிதாகக் கட்டவும் இயலாதா என்று அவர் கேட்டார். 1944 நவம்பர் 29ஆம் நாள் ஆல்ஃபிரட் பிளேலாக் அதனைச் செய்து காட்டினார். ஆய்வுக்கூடத்தில் அந்த முறையை உருவாக்கித் தேர்ந்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அன்று அவர் அறுவை மருத்துவரின் பின்னால் ஒரு சிறு மேடைமீது நின்று வழிகாட்டிக்கொண்டிருந்தார். டாசிக் அம்மையாருக்குச் செவிப்புலன் குறைவு. குழந்தைகளின் மார்பில் கை வைத்தே இதயத்தின் நிலையை உணர்ந்தவர். பின்னர் 1970களின் நடுப்பகுதியில், புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தால் அந்த வாசலை மூடாமல் காக்க முடியும் என்று கண்டார்கள். இன்றும் அதுவே முதல் கைம்மருந்து.

கை வைத்து அறிவது இன்றைக்கும் பழசாகிவிடவில்லை. எத்தனை கருவி இருந்தாலும், மூச்சு முட்டி வரும் குழந்தையை நாங்கள் முதலில் தொட்டுத்தான் பார்ப்போம். பாதம் சில்லிட்டிருக்கிறதா? மார்பெலும்பின்மேல் விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆகிறதா? கையில் நாடி கிடைக்கிறது. தொடை இடுக்கில் கிடைக்கிறதா? கல்லீரல் விலாவுக்குக் கீழே இறங்கி விரலில் தட்டுப்படுகிறதா? இரத்த அழுத்தக் கருவி சரியான எண்ணைக் காட்டுகிறதே என்று அமைதி கொள்ள முடியாது. குழந்தைகளின் உடல் கடைசிவரை இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும். அது இறங்கினால், மிகவும் பிந்திவிட்டது என்று பொருள்.

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தம் 250 மி.லி. அளவுதான். ஒரு தம்ளர். ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு 90 மி.லி. இருந்தால் அதிகம். பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு துளியையும் எழுதி வைப்போம். அதிர்ச்சி நிலையில் உப்புநீர் ஏற்றினாலும் கிலோவுக்கு 10 மி.லி. தான், மூன்று கிலோ குழந்தைக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஏற்றியதும் மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும். 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் தளர்ந்து வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வொன்று, விரைவாக நிறையத் திரவம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்று காட்டியது. நல்லது என்று நினைத்ததையும் அளவறிந்துதான் தர வேண்டும். பிராணவாயுவும் அப்படியே. சில இதயக் குறைகளில் அது மிகுந்தால் இரத்தமெல்லாம் நுரையீரலுக்குத் திரும்பி, உடல் வறண்டுவிடும்.

ஒரு மார்கழித் திங்கட்கிழமையை மறக்க இயலாது. ஆறு நாள் குழந்தை ஒன்று விடியற்காலையில் சாம்பல் நிறத்தில் வந்து சேர்ந்தது. தொடையில் நாடி இல்லை. பணியில் இருந்த இளம் மருத்துவர், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம் என்று சொல்லி, இரண்டுக்கும் ஒருசேர மருந்து தொடங்கினார். எக்கோ பார்த்து உறுதி செய்யும்வரை காத்திருக்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் குப்பியை எடுத்துக் கலந்து, சிரிஞ்சு பம்பில் நுண்ணளவில் செலுத்தினோம். ஒரு மணி நேரத்துக்குள் பாதம் வெதுவெதுப்பாயிற்று. பிறகு பார்த்த எக்கோவில் பெருந்தமனி குறுகியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குச் சென்னை செல்ல வேண்டும். இரண்டரை மணி நேரப் பயணம். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது மணி ஏழு நாற்பது.

குழந்தையின் தாத்தா எங்கள் பகுதிச் சிவாலயத்தில் ஓதுவார். அன்று காலைத் திருவெம்பாவையையும் விட்டுவிட்டு வந்திருந்தார். வாசலை மறித்து நின்றாரே ஒழிய, கோபமாகப் பேசவில்லை. "திங்கட்கிழமை அம்மா, ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். ஒன்பது மணிக்குப் புறப்படலாம். இத்தனை நேரம் தாங்கிய குழந்தை இன்னும் சற்றுத் தாங்காதா?" என்றார். குழந்தையின் தந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து வாசலைத் திறந்து வைத்திருப்பது தற்காலிக ஏற்பாடு. ஊசி நழுவினாலும் போயிற்று. அதை விளக்க நேரமில்லை. "ஐயா, பூசலார் புராணம் நீங்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதானே. இதயத்தில் இருக்கிற கோயிலுக்காகக் குடமுழுக்கு நாளையே மாற்றச் சொன்னவர், இந்த இதயத்துக்காக ராகு காலத்தைப் பொறுக்க மாட்டாரா?" என்றேன். அவர் என்னை ஒரு கணம் நோக்கினார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, குழந்தைக்கு இடலாமா என்று கேட்டார். உள்ளே தூள் படக்கூடாது என்றதும், இன்குபேட்டரின் வெளிப்புறத்தில் விரலால் ஒரு கீற்று இட்டார்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு அது மூச்சை நிறுத்திவிடும். பாதி வழியில் அதுவே நேர்ந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன்; பயனில்லை. முகமூடியைப் பொருத்திப் பையை அழுத்தத் தொடங்கி, நிமிடத்துக்கு நாற்பது முறை என்று எண்ணிக்கொண்டே சென்னை போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் கழித்து அறுவை நடந்தது. குழந்தை பிழைத்தது.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. இடப்பக்க இதயமே வளராத ஒரு பெண் குழந்தை எங்கள் பிரிவில் நான்கு நாள் இருந்தது. பெற்றோர் மருத்துவருடன் கலந்து பேசி, மேற்கொண்டு வருத்த வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். குழாய்களை அகற்றிக் குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்தினோம். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்ததால் இப்படி ஆயிற்றா? மாமியார் அப்படிச் சொல்லியிருந்தாராம். சிசுவின் இதயம் கருத்தரித்த எட்டு வாரங்களுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அவள் முற்றத்துக்கு வந்தது ஏழாம் மாதத்தில். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கிறது. கட்டுப்படாத நீரிழிவு, கர்ப்ப காலத்து ருபெல்லா, சில மருந்துகள், நெருங்கிய உறவில் மணம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எந்தச் சொல்லையும் நான் சாத்திரம் என்று ஏற்றதில்லை.

வீட்டில் பெரியவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. பிறந்த முதல் நாளில் கை கால் மட்டும் நீலமாக இருப்பது இயல்பே. உதடும் நாக்கும் நீலமானால் இயல்பன்று. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, நான்கு வாய் உறிஞ்சிவிட்டு இளைப்பது, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குவது, எடை ஏறாமலே இருப்பது ஆகியவற்றைப் பட்சி தோஷம், பாலாரிஷ்டம் என்று பெயரிட்டு மந்திரிக்க அழைத்துப் போவதில் நாள்கள் போய்விடுகின்றன. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வைக்கும்போது நாக்கின் நிறத்தையும் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன், வலது கையிலும் ஒரு பாதத்திலும் பிராணவாயு அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒரு சிவப்பு விளக்குக் கருவிதான், ஊசியில்லை, வலியில்லை. இரண்டிலும் 95க்குக் குறையாமலும், ஒன்றுக்கொன்று மூன்றுக்கு மேல் வேறுபடாமலும் இருந்தால் நல்லது. குறைந்தால் மறுபடியும் பார்ப்பார்கள்; 90க்குக் கீழே போனால் உடனே எக்கோ. பணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைகளும் அடங்கும். பச்சிளங்குழந்தைகளுக்கென்றே 108 சேவையில் தனி ஊர்திகளும் இருக்கின்றன.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஓதுவார். மார்பின் இடப்பக்கமாக முதுகுவரை வளைந்த தழும்பு, பென்சில் கோடுபோல மெலிந்திருந்தது. மருத்துவர் தொடையில் நாடி பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பழநியில் முடி இறக்கலாமா, காது குத்தலாமா என்று கேட்டார். முடி இறக்கலாம், புதிய பிளேடு கொண்டு வரச் சொல்லுங்கள். காது குத்துவதை என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார் மருத்துவர். அப்படியானால் எந்த மாதம் முடி இறக்கலாம் என்று எழுதித் தரும்படி கேட்டார் ஓதுவார். மருத்துவர் சிரித்துக்கொண்டே, பரிசோதனைச் சீட்டின் பின்புறம் 'வைகாசிக்குப் பின்' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.